கொட்டகையைச் சுற்றித் தண்ணீரா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் எல்லோரும் முதலில் கடப்பாரையைப் போடுகிறார்கள். பெரும்பாலும் அந்த உழைப்பு வீணாகிவிடுகிறது. தேங்குவது ஓரிடம், அந்தத் தண்ணீர் கிளம்பி வருவது வேறோர் இடம். கிளம்பும் இடம் தெரியாமல் வெட்டிய வடிகால், நாலு மழைக்குள் சேறு மூடிப் போகும்.

எப்போது ஈரம் தெரிகிறது என்பதே முதல் துப்பு. மழை கொட்டும்போதே தண்ணீர் சூழ்ந்தால், அது கூரையிலிருந்தோ மேட்டு நிலத்திலிருந்தோ வருகிறது. மழை விட்டு ஐந்தாறு மணி நேரமாகியும் சுவரோரம் வற்றாவிட்டால், தரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கெட்டிருக்கிறது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ஈரம் ஏறினால் நிலத்தடி நீர். மழையே இல்லாத நாளில் ஈரமென்றால், தொட்டிக்கோ தண்ணீர் காட்டும் இடத்துக்கோ போகும் குழாய் உடைந்திருக்கலாம்; அல்லது கூரைத் தகட்டின் அடியில் நீராவி குளிர்ந்து சொட்டலாம்.

ஆகவே ஒரு பெருமழையின்போது குடை பிடித்துக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்று நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் தடத்தில் குச்சி நட்டு வையுங்கள், செல்பேசியில் படம் எடுங்கள். அந்த அரை மணி நேரம் தரும் விவரத்தை வெயில் நாளில் ஒரு வாரம் அளந்தாலும் பெற முடியாது.

கணக்கும் மனதில் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 30 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள கூரை, 50 மி.மீ. மழைக்கு 18,000 லிட்டரைக் கீழே இறக்கும். சரிவின் நீளத்தை அளக்க வேண்டாம், மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும் பரப்பே போதும். கீழே வரும் எடுத்துக்காட்டுகளெல்லாம் இந்த அளவுள்ள, இருபக்கச் சரிவுக் கொட்டகைக்கானவை.

பழுது பார்க்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கூரை, பிறகு சுவரோரத் தரை, அடுத்து மேட்டுத் தண்ணீர், கடைசியாக நிலத்தடி வடிகால். மேலே உள்ளதைச் சரிசெய்தாலே கீழே உள்ளது பல நேரம் தானாகத் தீர்ந்துவிடும்.

மழை வலுத்தால் பீலிக்கு மேலாக வழிகிறது

கட்டர் என்று பலரும் சொல்லும் தண்ணீர்ப் பீலியில், எந்த இடத்தில் வழிகிறது என்று பாருங்கள்.

வடிகுழாயின் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் வழிந்தால் அடைப்பு. இலையும் பறவைக் கூடும் பீலியில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உண்மையான அடைப்பு வாய்க்குக் கீழே, குழாயின் முதல் வளைவில் இருக்கும். மேலே அள்ளிவிட்டு இறங்கிவிடாதீர்கள். வளைவைக் கழற்றிப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை வளைவுகளைப் போட்டால் குப்பை எளிதில் சிக்காது.

நடுவில் ஓரிடத்தில் வழிந்தால் அங்கே பீலி தொய்ந்திருக்கிறது. 150 மி.மீ. அரைவட்டப் பீலி நிரம்பினால் மீட்டருக்குச் சுமார் 9 கிலோ எடை. தாங்கிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் விட்டிருந்தால் அது தொய்வது இயல்பு. 60 செ.மீ.க்கு ஒரு தாங்கி வருமாறு இடையில் புதிதாகச் சேருங்கள். பிறகு மேட்டு முனையில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டு, எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

நீளம் முழுக்க ஒரே மாதிரி வழிந்தால் பீலியின் கொள்ளளவு போதவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கக் கூரை 180 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் நொடிக்கு 5 லிட்டர் வரும். 150 மி.மீ. அரைவட்டப் பீலி ஒரு வாயை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 லிட்டர்தான் கொண்டுபோகும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாய் வைத்தால் ஆளுக்கு 2.5 லிட்டர் விழும், தாங்காது. நடுவில் மூன்றாவது வாயைத் திறந்து, கால் நீளத்திலும் முக்கால் நீளத்திலும் மேடு வையுங்கள். இப்போது பீலி நாலு துண்டாகப் பிரிந்து, துண்டுக்கு 1.25 லிட்டர்தான் ஓடும். நடு வாயில் மட்டும் இரு பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து 2.5 லிட்டர் இறங்கும், அதற்கு 110 மி.மீ. குழாய் போதும். மீட்டருக்கு 5 மி.மீ. வாட்டம் என்றால் ஒரு துண்டின் 7.5 மீட்டருக்கு 4 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 30 மீட்டரையும் ஒரே பக்கம் சாய்த்தால் 15 செ.மீ. இறங்க வேண்டும், கடைக்கோடியில் பீலி தகட்டைவிட்டு வெகு கீழே போய், காற்றடித்தால் தண்ணீர் வெளியே தெறிக்கும்.

தண்ணீர் பீலியைத் தாண்டிக் குதித்தால் கூரைத் தகடு அதிகமாக நீண்டிருக்கிறது. தகட்டின் முனை பீலிக்குள் 5 செ.மீ. அளவுக்கு நீண்டால் போதும். அதைவிடக் குறைந்தால் தண்ணீர் பின்பக்கமாகச் சுவரில் இறங்கும். பீலியின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட 1 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். எப்போதாவது நிரம்பி வழிந்தாலும் சுவர் பக்கம் போகாது.

பீலியே இல்லை, இறவாரத்துக்குக் கீழே வரிசையாகக் குழி, சுவரில் முழங்கால் உயரம் சேறு

மரங்கள் சூழ்ந்த இடத்தில் பெரிய கொட்டகைக்குப் பீலி இல்லாமல் விடுவது தவறல்ல. வருடம் முழுக்க இலை அள்ள ஆள் இல்லாவிட்டால் அதுவே நல்லது. ஆனால் தண்ணீர் விழும் கோட்டில் மண் வெறுமையாக இருக்கக் கூடாது.

குழிகளின் வரிசையே சொட்டுக் கோடு. அதை நடுவில் வைத்து 60 முதல் 90 செ.மீ. அகலத்துக்கு, 30 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். அடிமட்டத்துக்கு 1 சதவீத வாட்டம், அதாவது மீட்டருக்கு 1 செ.மீ. கொடுங்கள். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, துளையிட்ட 100 மி.மீ. குழாயை வைத்து, கழுவிய 20 – 40 மி.மீ. ஜல்லியால் நிரப்புங்கள். கிரஷர் தூசி கலந்த ஜல்லி வேண்டவே வேண்டாம். அது இறுகிப்போய்த் தண்ணீரை மேலேயே ஓடவிடும். சுவர் பக்கத்து ஓரத்தில் மட்டும் தடித்த பிளாஸ்டிக் தாளை நிறுத்தி வைத்தால் அஸ்திவாரம் பக்கம் கசியாது.

வடிகுழாயின் அடியில் குளம்

குழாய் சுவரோரமே கொட்டினால் கூரையில் செய்த வேலையெல்லாம் வீண். சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, வாட்டமுள்ள நிலத்தில் விடுங்கள். அல்லது துளையில்லாத குழாயைப் புதைத்துக் கொண்டுபோங்கள். உட்புறம் வழவழப்பான 100 மி.மீ. குழாய் 1 சதவீத வாட்டத்தில் நொடிக்குச் சுமார் 6 லிட்டர் எடுக்கும், 150 மி.மீ. குழாய் 18 லிட்டர் வரை எடுக்கும். அளவு கொஞ்சம் கூடியதும் கொள்ளளவு மூன்று மடங்காவதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று வடிகுழாய்களை ஒன்றாகச் சேர்க்கும் இடத்திலிருந்து பெரிய குழாய்க்கு மாறிவிடுங்கள்.

உறிஞ்சு குழிக்கு விடுவதானால் முதலில் மண் குடிக்குமா என்று பாருங்கள். குழி அமையப்போகும் ஆழத்தில் 30 செ.மீ. சதுரக் குழி வெட்டி, ஒரு முறை நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி அளக்க வேண்டும். மணிக்கு 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் சரி. 12 மி.மீ. கூட இறங்காத களிமண்ணில் உறிஞ்சு குழி வெறும் தொட்டியாகிவிடும். கொள்ளளவிலும் ஏமாறாதீர்கள்: ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடம் சுமார் 40 சதவீதம்தான். ஒரு பக்கக் கூரையின் 25 மி.மீ. மழையை, 4,500 லிட்டரை, பிடித்துவைக்க 11 கன மீட்டருக்கு மேல் ஜல்லிக்குழி வேண்டும். கட்டடத்திலிருந்து 5 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்.

மழை விட்டும் சுவரோரம் தண்ணீர் நிற்கிறது

கட்டி ஓரிரு வருடமே ஆன கொட்டகை என்றால், அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் இறங்கியிருக்கும். பழைய கொட்டகை என்றால் நேர்மாறு: சாணமும் வைக்கோலும் வண்டி இழுத்துவந்த மண்ணும் வருடக்கணக்கில் சேர்ந்து வெளித்தரை உயர்ந்திருக்கும். முதலாவதற்கு மண் போட வேண்டும், இரண்டாவதற்கு மண் எடுக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டுக்குமே மண் கொட்டுவதுதான் வழக்கமான தவறு.

சுவரோரம் ஒரு முளை, 3 மீட்டர் தள்ளி ஒரு முளை அடித்து, நூல் கட்டி ரசமட்டம் பிடியுங்கள். வெளி முளையில் தரை, சுவரோரத்தைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் 3 மீட்டருக்கு 6 செ.மீ. போதும், அதன் மேல் தண்ணீர் வேகமாக ஓடிவிடும். கொட்டகையின் உள்தரை வெளித்தரையைவிட 15 – 20 செ.மீ. உயர்ந்திருப்பது நல்லது.

மண் போடுவதானால் களித்தன்மை உள்ள மண்ணையே போடுங்கள். மணலோ கட்டட இடிபாடோ போட்டால் மேலே காய்ந்து தெரியும், அடியில் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும். 10 – 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நனைத்துத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். தகரச் சுவரிலும் மரத் தூணிலும் மண் தொடக் கூடாது, 15 செ.மீ. இடைவெளி தெரியட்டும். அந்த இடைவெளி வைக்க முடியாதபடி தரை ஏறிவிட்டதென்றால், மண்ணை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேட்டிலிருந்து வெள்ளம் வாசலுக்கு வருகிறது

இதற்கு வாசலில் மேடு கட்டுவது பயன் தராது. தண்ணீரைக் கொட்டகைக்கு வரும் முன்பே திருப்பிவிட வேண்டும். மேட்டுப் பக்கம் குறைந்தது 5 மீட்டர் தள்ளி, நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே, கொட்டகையைத் தாண்டும் வரை ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டுங்கள். ஆழம் 30 செ.மீ., மேலகலம் 2.4 மீட்டர், இரண்டு பக்கமும் மிக மெல்லிய சரிவு. டிராக்டர் அதன் மேல் ஏறி இறங்கலாம், புல்லும் அறுக்கலாம். ஆழமான குறுகிய வாய்க்கால் வெட்டினால் கரை சரியும், மாடு காலை ஒடித்துக்கொள்ளும்.

வாட்டம் 0.5 முதல் 1 சதவீதம். குறைந்தால் வண்டல் படியும், கூடினால் அடி அரிக்கும். வெட்டிய மண்ணைக் கொட்டகைப் பக்கக் கரையாகப் போட்டு இறுக்குங்கள். புல் பிடித்தபின் இந்த வாய்க்கால் 0.5 சதவீத வாட்டத்திலேயே, விளிம்பு வரை ஓடினால் நொடிக்கு 150 லிட்டருக்கு மேல் கொண்டுபோகும். வெட்டி முடித்து முதல் மழைக்குள் புல் விதைத்துவிட வேண்டும். விதைக்காமல் விட்ட வாய்க்கால் முதல் பருவத்திலேயே ஓடையாக மாறும்.

தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். அடுத்தவர் நிலத்துக்கோ பொதுப் பாதைக்கோ திருப்பிவிடுவது பழுது நீக்குவதாகாது.

கொட்டகைக்குள் தரை ஈரம்

இங்கேதான் தவறான முடிவு அதிகம் எடுக்கப்படுகிறது. ஈரத்தின் மூலம் நாலு வகை: கூரை ஒழுக்கு, வாசல் வழி நுழைவு, தரைக்கு அடியிலிருந்து ஏறுவது, நீராவி குளிர்ந்து படிவது.

கான்கிரீட் தரையில் 50 செ.மீ. சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. தாளின் மேலே மட்டும் நனைந்திருந்தால் காற்றிலுள்ள நீராவி அல்லது சொட்டு. மழையில்லாத விடியற்காலையில் தகட்டுக்கூரை சொட்டினால் ஒழுக்கு தேடி ஏற வேண்டாம். மாடுகளின் மூச்சும் ஈரப் படுக்கையும் விடும் நீராவி அது. முகட்டிலும் இறவாரத்திலும் காற்றுப்போக்குத் திறக்க வேண்டும். எந்த வடிகாலும் இதைத் தீர்க்காது.

நிலத்திலிருந்துதான் ஏறுகிறது என்றால், கொட்டகைக்கு வெளியே மேட்டுப் பக்கத்தில் 1 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, துளையிட்ட 50 மி.மீ. குழாயை அதில் நிறுத்துங்கள். குச்சியை விட்டுத் தினமும் நீர்மட்டம் பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டம் உயர்ந்து, தரை ஈரமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கினால் நிலத்தடி நீர் உறுதி. அப்போது மேட்டுப் பக்கத்தில் நீளவாக்கில் 90 – 120 செ.மீ. ஆழத்துக்குக் கல் வடிகால், அதாவது துளையிட்ட குழாயை வைத்து ஜல்லி நிரப்பிய குழி, போட்டு வழிமறியுங்கள். நீர் புகாத களி அடுக்கு வரை அது போக வேண்டும், பாதியில் நின்றால் தண்ணீர் அடியில் நழுவிப்போகும். ஒன்றரை மீட்டரைத் தொடும் குழியில் முட்டுப்பலகை இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். நனைந்த மண் சரிய எச்சரிக்கை எதுவும் தருவதில்லை.

கல் வடிகால் போட்டும் வேலை செய்யவில்லை

முதலில் அதன் வெளிவாயைக் கண்டுபிடியுங்கள். புல்லுக்குள்ளோ வண்டலுக்குள்ளோ புதைந்திருக்கும், அல்லது எலி கூடு கட்டியிருக்கும். வெளிவாயே இல்லாமல் போட்ட வடிகாலும் உண்டு. அது நிலத்துக்கடியில் ஒரு தொட்டி, அவ்வளவுதான். வாய் கிடைத்தபின்:

1. மேட்டு முனையைத் திறந்து ஹோஸில் தண்ணீர் விடுங்கள். விடுவதும் வருவதும் ஏறக்குறைய ஒரே அளவாக, தெளிவாக வந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. அப்படியானால் மேல் ஜல்லியில் சேறு மூடி, தண்ணீர் உள்ளேயே போகவில்லை.
2. மெதுவாக, சேறாக வந்தால் குழாயில் வண்டல். அழுத்தத் தண்ணீரை வெளிவாயிலிருந்து மேல்நோக்கிச் செலுத்திக் கழுவுங்கள்.
3. வரவே இல்லை என்றால் வயர் விட்டு எத்தனை மீட்டரில் முட்டுகிறது என்று அளந்து, அங்கே மட்டும் தோண்டுங்கள். டிராக்டர் பாதைக்கு அடியில் முட்டினால் குழாய் நசுங்கியிருக்கும். அங்கே 60 செ.மீ. மண் மூடாக்கு வேண்டும், முடியாவிட்டால் கான்கிரீட் சுற்றிப் போடுங்கள். மரத்தின் பக்கம் முட்டினால் வேர். அந்தத் துண்டைத் துளையில்லாத குழாயாக மாற்றுங்கள்.

இன்னொரு பிழை கண்ணில் படாமலே கெடுதல் செய்யும்: கூரை வடிகுழாயைத் துளையிட்ட குழாயில் இணைத்திருப்பார்கள். வேலை மிச்சமானது போலத் தோன்றும். மழை வலுத்ததும் கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தத் துளைகள் வழியே அஸ்திவார மண்ணுக்குள் பாயும். வடிக்கப் போட்ட குழாயே அங்கே தண்ணீர் பாய்ச்சும். உடனே பிரியுங்கள். இரண்டும் ஒரே குழியில் போகலாம், ஒரே குழாயில் போகக் கூடாது.

புதிதாகப் போடும்போது குழி 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 1 சதவீத வாட்டம். துணியை ஜல்லியைச் சுற்றிப் போர்த்துங்கள், குழாயைச் சுற்றி இறுக்கினால் பொடிமண் அதில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடியில் 5 செ.மீ. ஜல்லி, அதன்மேல் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு குழாய். துளைகளை மேலே வைத்தால், தண்ணீர் குழாயின் முழு உயரத்துக்கு ஏறிய பிறகுதான் உள்ளே நுழையும். 30 மீட்டருக்கு ஒரு சுத்தம் செய்யும் வாய் மேலே வரட்டும். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து வெளிநோக்கி 45 பாகையில் சரிவாக ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். குழி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆழம் வேண்டுமென்றால் சுவரிலிருந்து தள்ளிப் போங்கள். ஏற்கெனவே சுவரில் விரிசல் விட்டிருந்தால், கட்டடப் பொறியாளர் பார்க்கும் வரை பக்கத்தில் தோண்டவே வேண்டாம்.

வாசலில் முழங்கால் சேறு

ஜல்லியை மட்டும் கொட்டினால் குளம்பும் சக்கரமும் அதை மண்ணுக்குள் மிதித்துவிடும். சேற்றை வழித்தெடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் விரித்து, 15 செ.மீ. 40 மி.மீ. ஜல்லியும் மேலே 5 செ.மீ. பொடிக்கல்லும் போட்டு உருளையால் இறுக்குங்கள். வாசலுக்கு வெளியே 2 – 4 சதவீத வாட்டம் இருக்கட்டும். அப்படியும் உள்ளே ஓடிவந்தால் நிலைப்படிக்கு முன்னால் குறுக்கு வடிகால் போட்டு, டிராக்டர் எடை தாங்கும் இரும்புச் சல்லடையால் மூடுங்கள்.

வாய்க்காலின் அடியோ கடைவாயோ அரித்துப் பள்ளமாகிறது

கடைவாய்க்குக் கீழே துணி விரித்து, இரண்டு மூன்று மீட்டருக்குக் கைப்பிடிக்கு அடங்காத கற்களைப் பதியுங்கள். குழாயின் முனை, பெரிய வடிகாலின் அடியைவிட 20 – 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் வெள்ளத்தில் மூழ்காது. செங்குத்தான வாய்க்காலில் 30 செ.மீ. உயரக் கல் தடுப்புகளை வையுங்கள். கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக வர வேண்டும். 3 சதவீத வாட்டத்தில் அது 10 மீட்டருக்கு ஒன்று. தடுப்பின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, ஓரங்களைக் கரைக்குள் பொருத்துங்கள். நடு தாழாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையைப் பிளந்துவிடும்.

வடிகாலில் பழுப்பு நீர், நுரை, சாண வாடை

கூரை நீர் தொழுவ முற்றத்தில் கலக்கிறது. கலந்துவிட்டால் 18,000 லிட்டர் சுத்த நீரும் கழிவாகிவிடும், சாணக் குழி ஒரே மழையில் நிரம்பும். கூரைத் தண்ணீர் முற்றத்தைத் தொடாமல் தனிக் குழாயில் போகட்டும். முற்றத்தின் மேட்டு ஓரத்தில் 15 செ.மீ. கான்கிரீட் தடுப்பு வைத்தால் வெளித்தண்ணீர் உள்ளே வராது. தாழ்வான ஓரத்திலும் அதே போல வைத்துக் கழிவைக் குழிக்குத் திருப்புங்கள். சரிசெய்த பிறகு அடுத்த மழையில் கூரைக் குழாயின் கடைவாயில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். முதல் சில நிமிடம் கூரைத் தூசி வரும். அதன்பின்னும் பழுப்பாகவே வந்தால், மண்ணுக்கடியில் எங்கோ இரண்டு குழாய்கள் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.